இலவசம் வேறு, எளிது வேறு: கிருபையைப் பற்றி ஓர் அறிமுகம்

ஒருவன் ஓடிவருகிறான். பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்த இயேசுவின் முன்னால் மண்டியிட்டுக் கேட்கிறான்: "நல்ல போதகரே, நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ளும்படி நான் என்ன செய்யவேண்டும்?" மாற்கு எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் காட்சி இது.

கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். பழைய வேதாகமத் தமிழில் சுதந்தரித்தல் என்றால் வாரிசாகப் பெறுதல். வாரிசுரிமைக்கு யாரும் உழைத்துத் தகுதி பெறுவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் போதும். "அப்பாவின் சொத்தில் எனக்குப் பங்கு வர நான் எத்தனை மணி நேரம் வேலை செய்யவேண்டும்?" என்று ஒரு மகன் கேட்டால், அந்தக் குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்றுதான் நினைப்போம். இவன் அதைத்தான் கேட்கிறான். இத்தனைக்கும் இரண்டு வசனங்களுக்கு முன்புதான் இயேசு, கடவுளின் ஆட்சியைச் சிறு பிள்ளையைப்போல ஏற்றுக்கொள்ளாதவன் அதற்குள் போகமாட்டான் என்று சொல்லி முடித்திருந்தார்.

இயேசு அவனுக்குக் கட்டளைகளை நினைவூட்டுகிறார். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றையும் கைக்கொண்டிருக்கிறேன் என்கிறான் அவன். அது பொய் என்று இயேசு சொல்லவில்லை. அவனைப் பார்த்து அவனிடம் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் இந்த ஒரு வரியை விட்டுவிட்டார்கள். அன்புகூர்ந்த பிறகுதான் அந்தப் பெரிய அடி விழுகிறது: போய், உனக்கு உண்டானவைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு, பின்பு என்னைப் பின்பற்றி வா. அவனுக்கு ஏராளமான சொத்து. முகம் வாடிப் போய்விடுகிறான்.

ஐசுவரியவான் கடவுளின் ஆட்சிக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதுக்குள் நுழைவது எளிது என்கிறார் இயேசு. சீடர்கள் திகைத்துப்போகிறார்கள். "அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும்?" பதில்: "மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல."

மொத்தம் 11 வசனங்கள். கடைப்பிடிக்க முடியாத கட்டளை, தகுதி பார்க்காத அன்பு, மனிதனால் ஆகாது என்ற தீர்ப்பு, கடவுளால் ஆகும் என்ற உறுதி எல்லாம் இதற்குள் இருக்கின்றன. கிறிஸ்தவத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் இடறும் இடமும் இதுதான். ஒரு பக்கம் மீட்பு இலவசம் என்கிறார்கள். மறு பக்கம் பகைவனை நேசி, மறு கன்னத்தைக் காட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்கிறார்கள். இரண்டில் எது உண்மை? என் பதிலைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். இலவசம் என்பதும் எளிது என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள் அல்ல.

சொற்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இரண்டு சொல்வரிசைகள் புழங்குகின்றன. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையினரும் பெந்தெகொஸ்தேயினரும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டி இரட்சிப்பு, கிருபை, விசுவாசம் என்பார்கள். கத்தோலிக்கர் மீட்பு, அருள், நம்பிக்கை என்பார்கள். பொருள் ஒன்றுதான். நான் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

இரட்சிப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சாவுக்குப் பிறகு கிடைக்கும் சொர்க்கம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்தச் சொல் அதைவிட மிகவும் அகலமானது. புயலில் படகு மூழ்கப்போகிறது, சீடர்கள் "எங்களை இரட்சியும், மடிந்துபோகிறோம்" என்று அலறுகிறார்கள். அங்கே அதன் பொருள் உயிர் பிழைத்தல். பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கினால் துன்பப்பட்ட பெண் இயேசுவின் உடையைத் தொடுகிறாள், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார். அங்கே அது நோய் தீர்தல். தொடக்கத் திருச்சபைகளுக்குத் தூய பவுல் எழுதிய கடிதங்களில் அதே சொல் மூன்று காலங்களிலும் வருகிறது: இரட்சிக்கப்பட்டீர்கள், இரட்சிக்கப்படுகிறோம், இரட்சிக்கப்படுவோம். ஆகவே "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று வழியில் நிறுத்திக் கேட்பவரிடம், "ஆம், இல்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது" என்று பதில் சொன்னால் அது வேடிக்கைப் பேச்சு ஆகாது.

எதிலிருந்து மீட்பு? பாவத்திலிருந்து. பாவம் என்பது செய்த குற்றங்களின் பட்டியல் மட்டுமல்ல; குற்றம் செய்யாத நாளிலும் உள்ளே இருக்கிற ஒரு கோணல். பவுல் அதைத் தன்னைப் பற்றியே சொல்வதுபோல எழுதுகிறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." இந்த வரியைப் புரிந்துகொள்ள மத நம்பிக்கையே தேவையில்லை. ஒரு வாரம் காலையில் சீக்கிரம் எழுந்திருக்க முயன்றவர்களுக்கு இது தெரியும்.

சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு: தண்டனையை ஏற்றது, கடனை அடைத்தது, சாவை வென்றது, அன்பைக் காட்டியது. "நமக்காகவும் நம் மீட்புக்காகவும்" என்று பழைய நைசின் விசுவாச அறிக்கை சொல்கிறது. எந்த முறையில் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. புதிதாகப் படிப்பவர்களும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்.

ஆறு கோடி வெள்ளிப்பணம்

கிருபைக்கு இலக்கணம் சொல்வது எளிது: தகுதியில்லாதவனுக்குக் கடவுள் தாமாக முன்வந்து காட்டும் தயவு. எபேசியருக்கு எழுதிய கடிதம் அதை இப்படிச் சொல்கிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." ஆனால் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கும் விஷயம் உறைப்பதில்லை. இயேசு இலக்கணம் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார்.

மத்தேயு 18ஆம் அதிகாரம். எத்தனை முறை மன்னிக்கவேண்டும், ஏழு முறை போதுமா என்று பேதுரு கேட்கிறார். அவர் நினைப்பில் ஏழு என்பதே தாராளம். பதிலாக ஒரு கதை வருகிறது. ஓர் அரசன் தன் ஊழியர்களிடம் கணக்குப் பார்க்கிறான். ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அப்படியென்றால் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் அடைத்து முடிக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகும். சாப்பாட்டுக்கு ஒரு காசும் எடுக்காமல்.

அந்த ஊழியன் காலில் விழுந்து என்ன கேட்கிறான் என்று கவனியுங்கள். மன்னிப்பைக் கேட்கவில்லை. "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். தவணை கேட்கிறான்! இரண்டு லட்சம் ஆண்டுத் தவணை. அரசன் அந்த மனுவைத் தொடவே இல்லை. கேட்காத ஒன்றைக் கொடுக்கிறான்: கடன் முழுவதும் தள்ளுபடி.

வெளியே வந்தவன் தன்னோடு வேலை செய்கிற ஒருவனைப் பார்க்கிறான். அவன் இவனுக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டும். கழுத்தைப் பிடிக்கிறான். அவன் காலில் விழுந்து அதே வார்த்தைகளைச் சொல்கிறான், "கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று. அவனால் அது முடியக்கூடியதும்தான். இவன் கேட்காமல் அவனைச் சிறையில் போடுகிறான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இரண்டாவது கடனைச் சில்லறை என்று தள்ளிவிடுவார்கள். அது தவறு. 100 வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. மூன்று மாதச் சம்பளத்தை ஒருவர் தராமல் ஏமாற்றினால் நமக்கு வலிக்கும், வலிக்கவும் வேண்டும். உனக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை, மறந்துவிடு என்று இயேசு சொல்லவில்லை. உன் இழப்பு உண்மைதான்; ஆனால் நீ எந்த வாசல் வழியாக வெளியே வந்தாய் என்று நினைத்துப்பார் என்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த முதல் ஊழியனுக்குத் தன் கடன் தள்ளுபடியானது மனதில் ஏறவே இல்லையோ? தான் கேட்ட தவணைதான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு, அடைப்பதற்குப் பணம் சேர்க்கக் கிளம்பிவிட்டானோ? கதை அப்படிச் சொல்லவில்லை, என் ஊகம்தான். ஆனால் அப்படி வாழும் கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் கிருபை, கையில் கணக்குப் புத்தகம். தங்கள் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மற்றவர்களின் கடனை விட மனம் வராது.

கதையின் முடிவு கசப்பானது. அரசன் தள்ளுபடியைத் திரும்பப் பெற்று அவனை உபாதிக்கிறவர்களிடம் ஒப்புக்கொடுக்கிறான். அப்படியானால் பெற்ற கிருபையை இழக்க முடியுமா? முடியும் என்று கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் சொல்வார்கள். உண்மையாகப் பெற்றவன் இழக்கமாட்டான், இழந்தவன் முதலிலேயே பெறவில்லை என்று பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்தவர்கள் சொல்வார்கள். இந்த விவாதம் முடியவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லவேண்டும். மன்னிப்பைப் பற்றிய இந்தப் போதனையைக் காட்டி, அடிபட்டவர்களை அடித்தவர்களிடமே திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது கதையைத் திரிப்பது. இதே அதிகாரத்தில், இந்தக் கதைக்குச் சற்று முன்னால்தான், தவறு செய்தவனை நேரில் கண்டிப்பது, சாட்சிகளோடு போய்க் கேட்பது, அதற்கும் மசியாவிட்டால் சபையின் முன் நிறுத்துவது என்ற ஒழுங்கை இயேசு சொல்கிறார். மன்னிப்பது வேறு, மூடி மறைப்பது வேறு.

வலது கை செய்வது

கடன் தள்ளுபடி ஆகிவிட்டது. பிறகு ஏன் இவ்வளவு கடினமான கட்டளைகள்?

மலைப்பிரசங்கம் மத்தேயு 5 முதல் 7 வரையிலான மூன்று அதிகாரங்கள். சத்தமாகப் படித்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கொலை செய்யாதே என்பது பழைய கட்டளை. கோபப்படாதே என்கிறார் இயேசு. விபசாரம் செய்யாதே என்பது பழையது. இச்சையோடு பார்க்காதே என்கிறார். சத்தியமே செய்யாதே. ஒரு மைல் சுமக்கக் கட்டாயப்படுத்தினால் இரண்டு மைல் போ. பகைவனுக்காக ஜெபி. நாளையைப் பற்றிக் கவலைப்படாதே. இதற்கெல்லாம் நடுவில், பரலோகத் தந்தையைப்போலப் பூரணராயிருங்கள்.

இவற்றில் மிகவும் எளிதாகத் தெரிந்த ஒன்றை நான் ஒரு தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், எடுத்துக்கொண்டேன். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது." பகைவனை நேசிப்பதோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பணமுடையில் இருந்தார். பிள்ளையின் படிப்புக்குக் கட்டவேண்டிய பணம் நின்றுபோயிருந்தது. என் பெயர் வெளியே வராதபடி கட்டிவிட்டேன். ஒன்பது நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்தாவது நாள் ஐந்தாறு பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "யாரோ கட்டிவிட்டார்களாம்" என்று பேச்சு வந்தது. "யாராக இருந்தால் என்ன, நல்லது நடந்தால் சரி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். எவ்வளவு நேர்த்தியாகத் தாழ்த்தினேன் என்றால், எதிரே இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் உடனே அவசரமாகப் பேச்சை மாற்றினேன். அவசரமாக மாற்றியது எதற்காக என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்று தெரிந்தது. அந்த ஒன்பது நாளும் இரவில் படுக்கும்போது அந்த உதவியை நினைத்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். இடது கைக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

இயேசுவின் கட்டளைகளின் கடினம் அவற்றின் அளவில் இல்லை. கொலை செய்யாமல் ஒரு வாழ்நாளைக் கழித்துவிடலாம், இரவில் கணக்கைச் சரிபார்த்து நிம்மதியாகத் தூங்கலாம். கோபப்படாமல் இருப்பதை எப்படிச் சரிபார்ப்பது? மன உறுதி போய்ச் சேராத அறைக்குள் அவருடைய கட்டளை போய் உட்கார்ந்துகொள்கிறது. சட்டத்தால் கையைக் கட்டலாம். விருப்பத்தை மாற்ற முடியாது.

இந்தக் கடினத்தை என்ன செய்வது என்று கிறிஸ்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக யோசித்திருக்கிறார்கள். இடைக்காலத்தில் ஒரு வழி கண்டார்கள்: எல்லாருக்கும் கட்டளைகள், துறவிகளுக்கு மட்டும் அறிவுரைகள். சொத்தை விற்பதெல்லாம் மடத்துக்குப் போகிறவர்கள் பாடு. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர் மார்ட்டின் லூத்தர் வேறொன்று சொன்னார்: சட்டம் ஒரு கண்ணாடி, நம் முகத்தைக் காட்டி நம்மைக் கிருபையிடம் துரத்துவது அதன் முக்கிய வேலை. இவர்களைத் தவிர, ஒட்டகத்தைச் சுருக்கியவர்களும் உண்டு. எருசலேமில் "ஊசியின் காது" என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்று இன்றும் பிரசங்கங்களில் சொல்கிறார்கள். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. சீடர்கள் திகைத்துப்போனதற்கும் அந்த விளக்கத்தில் இடமில்லை.

இன்னொரு கூட்டம், எழுதியிருப்பதை எழுதியபடியே செய்வோம் என்றது. 1525இல் சூரிக்கில் தோன்றிய அனபாப்டிஸ்டுகள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வாளைத் தொடமாட்டார்கள், சத்தியம் செய்யமாட்டார்கள். கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த அரசுகளும் அவர்களைப் பாகுபாடின்றிக் கொன்றன. நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். சிறைச் சாப்பாட்டில் மெலிந்திருந்த அவரைப் பனிக்கட்டி தாங்கியது. துரத்தி வந்த காவலனைத் தாங்கவில்லை. உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனால் பிடிபட்டார். 1569இல் அவரை உயிரோடு எரித்தார்கள். மலைப்பிரசங்கம் யாராலும் முடியாத இலட்சியம் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு அந்தப் பனிக்கட்டி நினைவுக்கு வருகிறது. ஓடிக்கொண்டிருப்பவனுக்கு உட்கார்ந்து முடிவெடுக்க நேரம் இல்லை. அந்தக் கணத்துக்கு முன்பே அவருடைய விருப்பம் மாறியிருந்தது.

முந்தி எது, பிந்தி எது

விருப்பத்தை மாற்றுவது யார்? கிருபையைப் பற்றிய சண்டை எல்லாம் இந்தக் கேள்வியில் தொடங்கியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த பெலாஜியுஸ் என்ற துறவி ரோமில் இருந்தார். ஒழுக்கசீலர். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனின் ஒரு ஜெபத்தை யாரோ சொல்லக் கேட்டு எரிச்சலடைந்தார். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்பது அந்த ஜெபம். கடவுள் தந்தால்தான் கீழ்ப்படிவேன் என்று சொல்வது சோம்பேறிக்குச் சாக்கு ஆகிவிடாதா? கடவுள் கட்டளையிட்டிருக்கிறார் என்றால் மனிதனால் முடியும் என்றுதானே பொருள்? நியாயமான கேள்விதான். அகுஸ்தீனின் பதில், சுருக்கமாக: நோயாளிக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதால் பயனில்லை, முதலில் கால் குணமாகவேண்டும். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் போதனையை மறுத்தது. ஆனாலும் அவர் சாகவில்லை; ஒவ்வொரு புத்தாண்டுத் தீர்மானத்திலும் எழுந்து வருகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் உவமை சொன்னார்கள். குரங்குக் குட்டி தானே தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும். அகுஸ்தீன் பூனையின் பக்கம். பெலாஜியுஸிடம் தாய்க் குரங்குகூட இல்லை, மரம்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன். கொஞ்சம் மிகைதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இதே வழக்கு வேறு உருவில் வந்தது. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை லூத்தர் எதிர்த்தார், ஐரோப்பியத் திருச்சபை பிளந்தது. விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்றது சீர்திருத்தம். கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துச் சங்கம் 1547இல் அதை மறுத்தது. ஆனால் மீட்பின் தொடக்கம் கிருபையே, அதைச் சம்பாதிக்க முடியாது என்பதைத் திரெந்தும் ஒப்புக்கொண்டது. பிளவு வேறிடத்தில்: கடவுள் பாவியை நீதிமான் என்று அறிவிக்கிறாரா, அல்லது உள்ளே நீதியை ஊற்றி மாற்றுகிறாரா? 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், அடிப்படையில் நாம் உடன்படுகிறோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் கால்வின் வழிவந்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அதில் சேர்ந்துகொண்டன. கீழை (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகள் இந்த நீதிமன்ற மொழியையே அவ்வளவாக விரும்புவதில்லை. அவர்களுக்குப் பாவம் நோய், திருச்சபை மருத்துவமனை, மீட்பு என்பது கடவுளின் தன்மையில் மெல்ல மெல்லப் பங்குபெறுவது.

வேதாகமத்துக்குள்ளேயே பவுலும் யாக்கோபும் முட்டிக்கொள்வதாகத் தோன்றும். கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், அல்ல என்கிறார் ஒருவர். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் மற்றவர். இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் நிறுத்தும் ஆபிரகாம் வாக்குறுதியை நம்பிய நாளில் இருக்கிறார். யாக்கோபு நிறுத்துபவர், பல ஆண்டுகள் கழித்து மகனோடு மலையேறிய நாளில் இருக்கிறார். முதல் நாள் இல்லாமல் இரண்டாம் நாள் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை எல்லாம் இந்த வரிசையில் இருக்கிறது. பத்துக் கட்டளைகள் "கொலை செய்யாதே" என்று தொடங்குவதில்லை. உன்னை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த கடவுள் நான் என்று தொடங்குகின்றன. விடுதலை முதலில், விதி பிறகு. மலைப்பிரசங்கமும் கட்டளையோடு தொடங்கவில்லை. ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள், துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று வாழ்த்துகளோடு தொடங்குகிறது. கட்டளைகள் நுழைவுக் கட்டணமாக இருந்தால் அவற்றை வாசலில் மாட்டியிருப்பார்கள். அவை வீட்டுக்குள் இருக்கின்றன.

அப்படியென்றால் உள்ளே வந்துவிட்டவன் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாமா? பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள்போலும். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று அவரே கேள்வியை எழுப்பி, கூடவே கூடாது என்கிறார். குணமானவன் மறுபடி நோயில் படுப்பதற்கு அனுமதி கேட்பதுபோல அந்தக் கேள்வி. ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1937இல் இதற்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தார்: சீடத்துவம் இல்லாத கிருபை, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லரை எதிர்த்த அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

முகம் வாடிப் போன பணக்காரனின் கதை லூக்காவில் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் இன்னொரு பணக்காரன். எரிகோவின் ஆயக்காரர் தலைவன் சகேயு, வரி வசூலில் கொழுத்தவன், குள்ளன். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்க்கிறார். சொத்தை விற்கச் சொல்லவில்லை. மனந்திரும்பு என்றுகூடச் சொல்லவில்லை. சீக்கிரமாய் இறங்கி வா, இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். பாவி வீட்டுக்குப் போகிறாரே என்று ஊர் முணுமுணுக்கிறது.

சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். யாரும் கேட்கவில்லை. முதல் பணக்காரனிடம் கேட்டது முழுவதையும். இவன் கொடுத்தது பாதி. மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவும் இல்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். எந்த நிமிடத்தில் வந்தது, மரத்தடியில் பெயர் சொல்லி அழைத்தபோதா, கதவைத் திறந்தபோதா, பாதியைக் கொடுக்கிறேன் என்றபோதா என்பதை லூக்கா எழுதவில்லை.